ஏரியில் மிதந்த மருமகள்

பழைய மரச்சிற்பங்கள் சேர்க்கும் என் மருமகன் நேற்று ஒரு மரவாத்தைக் கொண்டுவந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

வெள்ளைக்காரர் காலத்தில், ஏரியூரில் காட்டுவாத்து சுட வந்த துரை ஒருவர், பறவைகளை ஏமாற்றி இறக்குவதற்காக, தச்சரான எங்கள் மாமாவிடம் இப்படி ஒன்றைச் செதுக்கி வாங்கி ஏரியில் மிதக்கவிட்டார். காட்டுவாத்து ஒன்றும் வரவில்லை. அத்தை வளர்த்த ஆண்வாத்துதான் போய் அதை உரசிக்கொண்டு நின்றது. துரை துப்பாக்கியைத் தூக்கினார். அத்தை சேலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

“சுடாதீங்க தொரை, அது எங்க வூட்டு வாத்துங்க.”

கூப்பிட்டும் வாத்து வரவில்லை. இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறினாள்.

“மருமகளைப் பாத்துப் புடி,” என்றார் மாமா.

துரை மரவாத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். “பிரிச்சா இது தீனி எடுக்காதுங்க,” என்று சொல்லிவிட்டு அத்தை நடந்துவிட்டாள்.

கதையைக் கேட்ட மருமகன், தான் கொண்டுவந்த மரவாத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

“தனியாவா வைக்கறீங்க, மாப்ள?” என்று கேட்டேன்.