அழுகை நிறுத்தும் பொம்மை

திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில், முடி இறக்கும் கொட்டகையைத் தாண்டினால் முதலில் கண்ணில் படுகிற பொம்மைக் கடை என்னுடையது. அந்த இடத்துக்குப் பலர் ஆசைப்பட்டார்கள். கிடைத்தது எனக்கு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு மூங்கில் கழியில் பலூனும் ஊதலும் கட்டிக்கொண்டு படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கி விற்றேன். இன்றைக்குச் சொந்தக் கடை, அதன் மேலே வீடு. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் சொல்வது அதற்காக இல்லை. என் தொழில் இன்னதென்று தெரிந்தால்தான் பேத்தி விஷயம் விளங்கும்.

மொட்டை அடித்த குழந்தை அழும். தலையில் சந்தனம், கழுத்தெல்லாம் முடித் துணுக்கு, யாரைப் பார்த்தாலும் பயம். அம்மா தோளில் போட்டுத் தட்டுவாள், அப்பா குரங்கைக் காட்டுவார், ஒன்றும் நடக்காது. அப்புறம் என் கடைக்கு வருவார்கள். ஒரு வயதுக்குள் என்றால் கிலுகிலுப்பையைக் காதுக்குப் பக்கத்தில் மெதுவாக ஆட்ட வேண்டும். அதற்கு மேல் என்றால் விளக்கு எரிகிற சாமான். இரண்டு வயதுக்கு மேல் என்றால் பேசுகிற போன். ஒரே நேரத்தில் இரண்டு பொம்மையைக் காட்டக் கூடாது. கையில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதற்கு அழும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். நான்குக்குள் அழுகை நிற்கும். ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து வருகிறவர்கள்கூட அந்தத் தாத்தா கடை என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

என் பேத்திக்கு இரண்டே கால் வயது ஆகியும் பேச்சு வரவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. வேண்டியதை விரலால் காட்டுவாள், அல்லது நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். மருமகள் நகரிப் பக்கத்துப் பெண். அங்கே தெலுங்கு, இங்கே தமிழ், இரண்டும் மோதிக்கொண்டு நிற்கிறது என்று தெருவில் சொன்னார்கள். காதைப் பரிசோதித்தார்கள், நன்றாகக் கேட்கிறது என்றார்கள். மருமகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். பெரிய படிப்புப் படித்தவள், ராத்திரி பகல் போனில் இதையே தேடிப் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பேசுகிற சாமான் வீட்டில் போதவில்லை. கடையிலிருந்து வாரம் ஒன்று மேலே கொண்டுபோனேன். பேசும் போன், பாடும் ரயில், வயிற்றை அழுத்தினால் சிரிக்கும் நாய்க்குட்டி, ஏ பி சி டி சொல்லும் பலகை. குழந்தை அழுத்தும், பார்க்கும், கேட்கும். அழுவதே இல்லை. அதையும் என் கைராசி என்று நினைத்தேன்.

ஒருநாள் மருமகள் சொன்னாள்: "மாமா, வூட்ல இருக்கிற எல்லாப் பொம்மையும் பேசுது. இவ ஒருத்திதான் பேசல."

"நல்ல சாமானும்மா. பேட்டரி மாத்தவே வேணாம்" என்றேன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் நேரம் வாங்கினாள். குழந்தை விளையாடுகிற பொம்மைகளையும் எடுத்துவரச் சொன்னார்களாம். பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பொம்மைகளை மேஜையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினார். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

"இது பேசுது. இது பாடுது. இது சிரிக்குது. குழந்தை என்னங்க பண்ணுது?"

"கேட்டுகினு இருக்குதுங்க."

"அவ்வளவுதானா?"

நான் யார் என்று சொல்ல வேண்டி வந்தது. "இந்தத் தொழில்ல முப்பது வருஷங்க. எப்பேர்ப்பட்ட குழந்தையையும் நாலு எண்றதுக்குள்ள நிறுத்திடுவேன்."

"நிறுத்திட்டீங்க அய்யா. இப்போ ஆரம்பிச்சு வைக்கணும்."

சின்னத் திருப்புளி எடுத்து, பேட்டரிகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நாய்க்குட்டி வெறும் நாய்க்குட்டி ஆனது. பொம்மை கொஞ்சமாகச் செய்ய வேண்டும், குழந்தை நிறையச் செய்ய வேண்டும் என்றார். ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள், மரக்கட்டைகள், சொப்பு, பந்து போதும். கூடவே, அவளால் தனியாக இயக்க முடியாத பொம்மை ஒன்று வேண்டும் என்றார். நம்மைக் கேட்டால்தான் அது நடக்க வேண்டும்.

கடையின் கீழ்த் தட்டை மனதுக்குள் ஒரு தரம் பார்த்தேன். சோப்புக் குமிழி ஊதுகிற டப்பா. துணியில் கொட்டும் என்று அம்மாக்கள் வாங்க மாட்டார்கள். சொன்னேன்.

"அதேதான்! ஒரு தடவை ஊதுங்க. மூடியை இறுக்கி மூடுங்க. அப்புறம் அவ முகத்தைப் பாத்துட்டு சும்மா இருங்க. அவ ஏதாவது கேக்கணும். மனசுல பத்து எண்ணுங்க."

"பத்தா?"

"பத்து."

முதல் நாள் நான் மூன்றோடு மூடியைத் திறந்துவிட்டேன். குழந்தை முகம் கோணினால் என் கை தானாக வேலை செய்யும். முப்பது வருஷப் பழக்கம். இரண்டாம் நாள் கொஞ்சம் தேறினேன்.

"எத்தினி மாமா?" என்றாள் மருமகள்.

"பத்து."

"ஆறு. நானும் எண்ணிகினுதான் இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கடைக்குத் தூக்கி வந்தேன். நல்ல கூட்டம். ஒருமுறை ஊதினேன். குமிழிகள் பக்கத்து வளையல் கடைவரை போய் உடைந்தன. மூடியை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் டப்பாவை இழுத்தாள், மூடியைக் கடித்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

வளையல் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னா பெரியவரே, ஊரான் புள்ள அழுதா ஓடியாறீங்க. சொந்தப் பேத்திய அழவுட்டுட்டு சாமி மாதிரி குந்திகினு கீறீங்க?"

"வைத்தியம்மா."

"நல்லா இருக்குது உங்க வைத்தியம்."

என் கடை வாசலில், என் பேத்தி, கூட்டத்துக்கு நடுவில் அழுகிறாள். பொம்மை வாங்க வந்த ஒரு குடும்பம் அடுத்த கடைக்குப் போய்விட்டது. ஏழு, எட்டு. எண்ணத் தெரிந்தவன்தான் நான், ஆனால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து. ஒன்றும் வரவில்லை. திறக்கலாம் என்று மூடியில் கை வைத்தபோது அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள்.

"ஊ" என்றாள்.

பாதி காற்றுதான். நான் ஊதினேன். மறுபடி மூடினேன். மறுபடி "ஊ." அன்றைக்கு அந்த டப்பா தீர்ந்து, இன்னொன்றும் தீர்ந்தது. மாடிப்படியில் நின்றிருந்த மருமகள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அது "ஊது" ஆனது. சம்பந்தி அம்மாள் போனில் கேட்டுவிட்டு, அது தெலுங்கு என்றார். அங்கேயும் ஊதுவதற்கு அதே சொல்தானாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் வியாபாரம் இருக்கிறது.

இப்போது கடையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன். மேலே அழுகையை நிறுத்துகிற சாமான், கீழே குழந்தையைப் பேச வைக்கிற சாமான். வருகிறவர்களுக்கு வித்தியாசத்தை நானே விளக்குகிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மேல் தட்டில் வாங்கிப் போகிறார்கள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பேத்தி டப்பாவை நேராக அந்த அம்மாவிடம் நீட்டினாள்.

"ஊது."

அவர் ஊதவில்லை. மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புன்னகையோடு அவள் முகத்தையே பார்த்தார். இன்னொரு சொல் வருமா என்று எண்ணுகிறார் என்று புரிந்தது. நானும் கூடவே எண்ணினேன். நான்கு வரைதான் முடிந்தது.

"அம்மா, புள்ள கேட்டுடுச்சு. ஊதுங்க" என்றேன்.

ஊதினார்.