பிரிசில்லா பூட்டிய பெட்டி

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற மற்ற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைப்பார்கள், சீரியல் பார்ப்பார்கள், சும்மா படுத்துக் கிடப்பார்கள். மாதிரி ஷூ தைக்கும் சாம்பிள் ரூம் பிரிசில்லா பூதம் வளர்த்தாள். சிரிக்க வேண்டாம், நிஜம்தான்.

சர்ச் முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு அவள் வீட்டு மாடி அறையில் நான்கு பேர் கூடுவார்கள். தரையில் பாய், பாய் நடுவே பகடைகள். பிரிசில்லா கதை சொல்வாள். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆட்களாக நடப்பார்கள். ஓடுவதா, ஒளிவதா, சண்டை போடுவதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று பகடை சொல்லும். பெங்களூரில் வேலை பார்க்கும் ஜோவின் என்ற தம்பி ஒரு லீவில் வந்து சொல்லிக்கொடுத்த ஆட்டம் அது. அவன் சொன்ன கதையில் பனிமலையும் நெருப்புக் கக்கும் பறவையும் இருந்தன. பிரிசில்லா அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆலங்காயத்துக் காட்டைக் கொண்டுவந்தாள், வறண்ட ஆற்றைக் கொண்டுவந்தாள், கோட்டைக்குள் பசியோடு காத்திருக்கும் பூதத்தைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பயந்து காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவளுக்கு இத்தனை கதை எங்கிருந்துதான் வந்ததோ!

தையல் பிரிவு விஜயகுமாரி அந்த ஆட்டத்தில் மந்திரவாதி. பேக்கிங்கில் இருக்கும் ஜெனிஃபா கதாயுதம் தூக்கும் வீராங்கனை. எதைக் கண்டாலும் உடைக்க வேண்டும் என்பாள். மூன்றாவது ஆள் சகீனா. கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்பார்களே, அது இவளுக்காகவே சொன்னது. தோலில் ஒரு சின்னக் கீறல் தெரிந்தால் போதும், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவாள். மேனேஜரே கெஞ்சினாலும் அந்தத் துண்டு திரும்ப உள்ளே போகாது. அப்பேர்ப்பட்ட நியாயவாதி ஆட்டத்தில் எடுத்துக்கொண்ட வேடம், பூட்டு உடைக்கும் திருடி.

இந்தத் திருடிக்கு ரோஷம் ஜாஸ்தி. ஒருமுறை அவள் ஒரு பூட்டின் விடுகதையில் மாட்டிக்கொண்டு முழித்தபோது பிரிசில்லா மனசு கேட்காமல் லேசாகக் குறிப்புக் கொடுத்துவிட்டாள்.

"நீ சொல்லி நான் ஜெயிச்சா அது இன்னா ஜெயிப்பு பிரிசிக்கா?" என்று எழுந்து போனவள் அடுத்த இரண்டு ஞாயிறும் மாடிப்படி ஏறவில்லை. அன்றோடு பிரிசில்லா ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: பூட்டியவள் வாய் திறக்கக் கூடாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சகீனாவுக்கு விசா வந்தது. கணவன் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறான். அவளை அழைத்துப்போக வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை விமானம். நல்ல செய்திதான். ஆனாலும் பிரிசில்லா அன்று இரவு பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்கு அந்த நான்கு பேர் பாய்தான் குடும்பம்.

அழுது முடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். அதுதான் பிரிசில்லா. அதுவரை அவள் பூட்டுகளெல்லாம் வாயால் சொன்ன பூட்டுகள். விமானத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறுக்கு நிஜமாகவே ஒரு மாயப் பெட்டி செய்தாள். பழைய மரப்பெட்டிக்குத் தோல் போர்த்தினாள். வேலூர் லாங் பஜாருக்குப் போய் பித்தளைக் கீலும் மூலைத் தகடும் வாங்கி வந்தாள். மூடியில் பூதத்தின் முகம், அதன் பிளந்த வாயில் இலை வடிவத்தில் ஒரு பள்ளம். ஒரு சுருக்குப் பையில் அதே வடிவத்தில் ஒரு கைப்பிடி அளவு தோல் துண்டுகள். அதில் ஒன்றுக்குள் மட்டும் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை வைத்துத் தைத்தாள். கனத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மற்றவற்றுக்குள் பித்தளைத் துண்டு வைத்தாள். காந்தத் துண்டு வாய்க்குள் போனால் உள்ளே இருக்கும் தாழ்ப்பாள் நகரும்.

காந்தம் இருந்த துண்டில் முள்வேலி மாட்டைக் கிழித்து ஆறிய தழும்பு ஒன்று இருந்தது. பூதம் கேட்கும் கேள்வி இதுதான்: "உயிரோடு இருந்ததற்குச் சாட்சி எங்கே?" உயிர் இருந்தால்தானே காயம் ஆறும்! எவ்வளவு அழகான பூட்டு. பிரிசில்லாவுக்கே தன்னை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. சகீனா ஆற்காட்டு இனிப்பு மக்கன் பேடா டப்பாவோடு வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் மூவரும் வாயைப் பிளந்தார்கள். பிரிசில்லா தொண்டையைச் செருமிக்கொண்டு பூதத்தின் கேள்வியைச் சொல்லிவிட்டுப் பையை நீட்டினாள். சகீனா துண்டுகளைப் பாயில் கொட்டினாள், விரலால் ஒரு தடவு தடவினாள், தழும்புத் துண்டை எடுத்துத் தனக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

"அது ரிஜெக்ட்டு" என்றாள்.

விஜயகுமாரியும் ஜெனிஃபாவும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக ஷூ கம்பெனியில் இருப்பவர்கள், பார்ப்பார்களா? எல்லாவற்றையும் யோசித்த பிரிசில்லா இதை யோசிக்கவில்லையே!

மிச்சத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பூதத்துக்கு ஊட்டினார்கள். நேராக, தலைகீழாக, முகர்ந்து பார்த்து, விளக்கில் பிடித்துப் பார்த்து. விஜயகுமாரி மந்திரம் சொன்னாள்.

"அம்மிக் குழவிய எடுத்தாக்கா ஒரே போடு" என்றாள் ஜெனிஃபா.

"ஒன் தலையில போடுறேன், சும்மா கெட" என்றாள் விஜயகுமாரி.

வெயில் இறங்கியது. பேடா டப்பா காலியானது. பிரிசில்லாவின் நாக்கு நுனியில் விடை வந்து வந்து நின்றது. "பின்னாடி பாரு" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சொன்னால் சகீனாவுக்கு ரோஷம் வரும். கடைசி நாளில் அவளை அவமானப்படுத்தியதாக ஆகும். சொல்லாவிட்டால் பெட்டி திறக்காது. உள்ளே இருப்பது சகீனாவுக்காக வைத்தது. கர்த்தரே, என்னைக் காப்பாத்து என்று புடவை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

கீழே பைக் ஹாரன் கேட்டது. சகீனாவின் கணவன்.

"போவட்டும் பிரிசிக்கா," என்று சகீனா எழுந்தாள். "பூதம் ஜெயிச்சிட்ச்சி. வெச்சிக்கட்டும்."

பிரிசில்லா தலையை மட்டும் ஆட்டினாள். அன்று அவள் அடக்கிய அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்கு மாலை போடலாம்.

சகீனா கிளம்பினாளே தவிர, கைப் பழக்கம் விடுமா? கம்பெனியில் மேஜையைச் சுத்தம் செய்யாமல் நகர மாட்டாள். நல்ல துண்டுகளைப் பையில் போட்டாள். ரிஜெக்டைத் தனியாக வைக்க வேண்டும் என்று குனிந்து அதை எடுத்தாள். கட்டைவிரல் தழும்பின் மேல் ஓடியது.

"பாவம், எந்த வேலியில மாட்டிக்கிச்சோ. நல்லா ஆழமா கிழிஞ்சிக்குது. அப்பறம் அதுவா ஆறிக்..."

நிறுத்தினாள். விரல் அசையவில்லை.

"யா அல்லாஹ்!" என்றாள் சகீனா. "உயிரோட இருந்ததாலதான ஆறுச்சி!"

பூதத்தின் வாயில் வைத்தாள். க்ளிக்.

ஜெனிஃபா போட்ட சத்தத்தில் பக்கத்து மாடிப் புறாக்கள் பறந்தன. பெட்டிக்குள் சுருட்டி வைத்த ஒரு தோல் விரிப்பு. பாயில் விரித்தார்கள். அவர்கள் இத்தனை நாள் நடந்த பூமி முழுக்க அதில் வரைபடமாக இருந்தது. நீளக் கீறல் ஆறு. உண்ணி கடித்த புள்ளிகள் காடு. மாட்டுக்குச் சூடு போட்ட வட்டத் தழும்பு பூதத்தின் கோட்டை. எல்லாம் ஒட்டுப் போட்டுத் தைத்த துண்டுகள். ஒரு ஓரம் மட்டும் எதுவும் இல்லாத வெறும் தோல்.

சகீனா ஒவ்வொன்றாகத் தடவினாள். "இது போன மழையில நான் ஒதுக்குனதுதான? இதுவும் நான்தான். இதுவும்!"

"எல்லாமே நீ ஒதுக்குனதுதான்டீ," என்றாள் பிரிசில்லா. "மேனேஜர கேட்டு வாங்கி வெச்சேன். எடுத்துக்கினு போ. நாளைலேர்ந்து படம் எங்கக்கிட்ட இல்ல. நீ போன்ல வந்து சொன்னாத்தான் நாங்க ஒரு அடி நகர முடியும்."

சகீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு தையலைச் சரிபார்த்தாள், பழக்கதோஷம். கீழே மறுபடி ஹாரன். ஹேண்ட்பேகைத் துழாவி, அடியில் ஒட்டிக் கிடந்த ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்தாள். ஆறு முடிந்து வெறும் தோல் தொடங்கும் இடத்தில் அதை அழுத்தி ஒட்டினாள்.

"இங்கதான் நிக்கிறோம்," என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழம நான் போன்ல வர்ற வரைக்கும் ஒருத்தியும் நகரக் கூடாது. ஜெனிஃபா, ஒனக்குந்தான் சொல்றேன்."