எண்ணெய் தேய்த்த முழங்கால்

கர்த்தருக்கு நன்றி சொல்லத்தான் சபை நடுவில் எழுந்து நிற்கிறேன். ஆனால் கோபத்தை மறைத்துக்கொண்டு சாட்சி சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், காவாந்தண்டலத்தில் நடவு நேரம். ஏழு வயதான என் மகன் சாமுவேல் வரப்பில் இடறி விழுந்தான். காயம் ஒன்றுமில்லை. சாயங்காலத்துக்குள் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அவனுக்குப் பல் விழுந்தால்கூட மூன்று நாள் ரத்தம் நிற்காது. "உங்க வம்சத்துல கீற சாபம்" என்று மாமியார் என்னைத்தான் பேசுவார். என் தம்பிகள் இருவரும் சின்ன வயதில் இப்படியே ரத்தம் போய்ச் செத்தவர்கள்.

நம் சபையை நடத்தும் ஊழியர் வந்தார். எண்ணெய் பூசி ஜெபிப்பது நம் வழக்கம். பூசினால் போதாதா? நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று பாட, வீக்கம் கரையட்டும் என்று முழங்காலை அழுத்தித் தேய்த்தார். பிள்ளை அலறினான். பிசாசு கத்துகிறது என்றீர்கள். நானும் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் தொடைவரை கறுத்துப்போனது. மெட்ராசில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இது ஹீமோபிலியா, ரத்தம் உறையாத நோய் என்றார் டாக்டர். பிறவியிலேயே தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருமாம். பாவமுமில்லை, சாபமுமில்லை. தேய்த்ததால்தான் உள்ளே இன்னும் ரத்தம் கசிந்திருக்கிறது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், ஆள் கொண்டுவா என்றார். என் வீட்டுக்காரர் கொடுத்தார். போதவில்லை. சபைக்குச் சொல்லி அனுப்பினோம். ஜெபிக்கிறோம் என்று பதில் வந்தது. ஒருவரும் வரவில்லை.

வார்டு வராந்தாவில் நின்று கர்த்தரோடு சண்டை போட்டேன். "நோவ எடுக்கலன்னா போவுது. எங்கூட நிக்க ஒரு ஆளக் காட்டு. இல்லன்னா இனிமே உன்னக் கூப்புட மாட்டேன்" என்றேன். இதுவும் ஜெபமா என்று கேட்பீர்கள். ஜெபம்தான்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். திருமுக்கூடல் பண்ணைவீட்டுக் கமலாம்மா. அவர்கள் கழனியில் நான் களை பறித்திருக்கிறேன். தண்ணீர் கேட்டால், தீட்டு என்று சொம்பைத் தொடவிடாமல் கையில்தான் ஊற்றுவார்கள்.

"எம் புள்ளைக்கும் இதேதான். ஊருல யார்கிட்டயும் சொல்லல. எங்க அண்ணன் வந்துகினு கீறாரு, அவரக் குடுக்கச் சொல்றேன்" என்றார்.

அண்ணன் வந்தார், சட்டைக் கையை மடித்துப் படுத்தார். அவர் ரத்தம் பொருந்தியது. என் பிள்ளை பிழைத்தான். ரத்தத்துக்கு ஒட்டாத தீட்டு சொம்புத் தண்ணீருக்கு மட்டும் எப்படி ஒட்டியது? அதையும் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நோய் போகவில்லை. கால் சற்று மடங்கியே இருக்கிறது. ஆனாலும் சாமுவேல் பள்ளிக்கூடம் போகிறான். இப்போது இதே நோயுள்ள ஆறு வீட்டுத் தாய்மார்கள் மாதம் ஒருமுறை என் குடிசையில் கூடுகிறோம். எந்த ஊரில் யார் ரத்தம் கொடுப்பார் என்று எழுதிவைத்திருக்கிறோம். வீக்கம் வந்தால் உத்திரமேரூர் சோடாக் கடையில் ஐஸ் வாங்கி, மரத்தூளில் புதைத்துச் சைக்கிளில் கொண்டுவருகிறோம். கமலாம்மாவும் வருகிறார், வீட்டுக்குத் தெரியாமல், ஆற்றங்கரை வழியாக. எங்கள் சொம்பில்தான் தண்ணீர் குடிக்கிறார். அந்த ஒளிவுமறைவின்மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் வந்துவிட்டால் அந்தக் கோபம் தங்குவதில்லை.

என் கோபத்தைக் கேட்டும் கர்த்தர் என்னைத் தள்ளவில்லை. உங்களையும் தள்ளமாட்டார். நம்பிக் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஐயாவுக்கும் ஒன்று சொல்கிறேன். அடுத்த பிள்ளைக்கு எண்ணெயை நெற்றியில் பூசுங்கள். முழங்காலில் கை வைக்காதீர்கள்.