எழுத்துக்காரரின் மனைவி சாகும் காட்சி

அந்த ஓபரா அரங்கில் எல்லோரும் அவரை எழுத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாவம், மனிதர் ஒரு வரிகூட எழுதியதில்லை. மேடைக்கு மேலே தொங்கும் திரையில், வெளிநாட்டு ரசிகர்களுக்காகப் பாட்டின் மொழிபெயர்ப்பை வரிவரியாகப் போடுவதுதான் அவர் வேலை. பால்கனிக்குப் பின்னால் கூண்டு போல ஓர் அறை, முதுகை ஒடிக்கும் நாற்காலி, ஒரு பொத்தான். தலை நரைத்ததே அங்கேதான்.

மொழிபெயர்த்த மகானுபாவர் மேனேஜரின் மச்சான். அகராதியைத் தவிர வேறு துணை இல்லாதவர். காதலன் நெஞ்சு பற்றி எரிகிறதென்று உருகினால், திரையில் 'எனது மார்புப் பகுதியில் தீ விபத்து' என்று விழும். விஷம் குடித்த கதாநாயகி மரணத்தை வா என்று அழைத்தால், 'திரு. மரணம் அவர்களே, தயவுசெய்து உள்ளே வந்து அமரவும்.' வெளிநாட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கதாநாயகி எழுத்துக்காரரின் மனைவி.

திருத்தச் சொல்லி மனிதர் நடையாய் நடந்தார்.

"சிரிக்கத்தான்யா டிக்கெட்டே வாங்குறாங்க. அதுல கை வச்சே, வேலை போயிடும்" என்றார் மேனேஜர்.

அதோடு வாயை மூடிக்கொண்டார். கட்டினவளைத் தன் கையாலேயே சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்குச் சோறு எப்படி இறங்கும்? இறங்கத்தான் செய்தது. அதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவளும் அலுத்துப்போயிருந்தாள். அந்த வேடத்தை இளையவள் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாகப் பாட வேண்டிய நாளன்று காலை, காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாளாவது என்னை நிம்மதியா சாக விடுங்களேன்."

அவர் அதை வாங்கித் துடைத்து வைத்தார். அன்று அந்தக் கட்டம் வந்ததும் திரையை அணைத்துவிட்டார். வேலை போனால் போகட்டும்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் வழக்கமாக அந்த இடத்தில், சிரிப்பு அடங்கும்வரை வாத்தியங்களை நிறுத்தி வைப்பார் இசைக்குழுவை நடத்துபவர். இன்று சிரிப்பும் இல்லை, நிறுத்தமும் இல்லை. கோலை வீசிப் பாட்டை மேலே கொண்டுபோய்விட்டார். அடுத்து வருவது அவளுடைய கடைசி உச்ச ஸ்வரம். வாயைத் திறந்தாள்; பாதியிலேயே குரல் உடைந்தது. மிச்சத்தை வாத்தியங்களே வாசித்து முடித்தன. அவள் பாடாமலே விழுந்து செத்தாள். மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒப்பனை அறை வாசலில் போய் நின்றார். அவள் கண்ணாடியைப் பார்த்து மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க சிரிக்கிற நேரத்துலதான் நான் மூச்சு வாங்கியிருக்கேன், இத்தனை வருஷமா. எனக்கே தெரியலை பாருங்க."

"நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? நான் கேட்டதைத்தானே செஞ்சீங்க. கோட்டை மாட்டிக்கோங்க, போகலாம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.