ஊசிக்கு ஒரு விதி

அந்த மருந்து கெட்டிப்பால் மாதிரி இருக்கும். பின்னிடுப்பில் ஆழமாகக் குத்தி, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் வலி உயிர் போகும். ரொம்பவும் நிதானித்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என் தம்பிக்கு அதைப் போட்டவள் நான். பிஜித் தீவுகளில் லம்பாசா டவுன் ஆஸ்பத்திரியில் அப்போது நர்ஸாக இருந்தேன். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவனுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டது. அது திரும்ப வந்து மிச்சத்தையும் கெடுக்காமல் இருக்கத்தான் இந்த ஊசி. தவறினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அம்மா அப்பா போனபின் அவன் டவுனுக்குப் பக்கத்தில் புலிலேகா கிராமத்தில் எங்களோடுதான் இருந்தான். என் கணவர், நான், எங்கள் மகள், அவன். கரும்பு வெட்டும் உடம்பில்லை, ஆகவே டவுனில் வீடியோ கேசட் கடையில் வேலை. அங்கே பழைய புத்தகங்களும் விற்பார்கள். எல்லாம் எந்திரங்களும் விண்கலங்களுமாக இருக்கும் ஆங்கிலக் கதைகள். அவற்றைப் படித்து ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது அவனுக்கு. ஒருநாள் ஓர் எந்திரம் தன்னைவிடக் கெட்டிக்கார எந்திரத்தைச் செய்யுமாம், அது இன்னொன்றைச் செய்யுமாம், சாயங்காலத்துக்குள் மனித மூளை எங்கேயோ பின்னால் நின்றுவிடுமாம். அன்றைக்கு மனிதர்கள் உடம்பைக் கழற்றிவிட்டு எந்திரத்துக்குள் குடிபோகலாம். அந்த நாளுக்கு நாங்கள் 'மாறுநாள்' என்று பெயர் வைத்தோம்.

வலியை மறக்க ஓர் ஏற்பாடு செய்தேன். மருந்து ஏறி முடிவதற்குள் அந்த உலகத்துக்கு ஒரு விதி சொல்ல வேண்டும். ஊசிக்கு ஒரு விதி. நாங்கள் பேசியது பாதி பிஜி இந்தி, பாதி அம்மா வாயிலிருந்து வந்த தமிழ். "தீரே, அக்கா, தீரே" என்று மெதுவாகப் போடச் சொல்லிப் பல்லைக் கடிப்பான். பிறகு ஒரே மூச்சில் ஒரு வரி வரும். "செத்தவங்க உள்ள போக முடியாது." அவ்வளவுதான். ஒரு வரிக்கு மேல் அவனால் முடிந்ததே இல்லை. நோட்டில் எழுதி வைப்பது என் வேலை.

ஒரு தடவை விதியை நானே சொன்னேன்.

"எந்திரம் ஆளை உள்ளது உள்ளபடிதான் எடுத்துக்கும். கெட்ட வால்வு அந்தப் பக்கமும் கெட்ட வால்வுதான். ரொம்பக் கெட்டிருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடும்."

அவன் கால்சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் திரும்பினான். "அப்போ எனக்கு இடமில்லயா?"

"உலகம்னா ஒரு கட்டுப்பாடு வேணும்டா. இல்லாட்டி அது சாமிகிட்ட வேண்டிக்கிறதுதான்."

"நீ நர்ஸ் வேலய விட்டுட்டு ஆபீசரா போ, அக்கா."

சிரித்தேன். நோட்டிலிருந்து அந்த விதியை அடித்துவிடவில்லை. பிடித்த பிடியை விடாத குணம் எனக்கு.

அடுத்த ஊசிக்கு அவன் சொன்னது விதியே அல்ல, கேள்வி. "எல்லாரும் உள்ள போயிட்டா, எந்திரத்த யாரு பாத்துப்பா?" அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடத்தை நோட்டில் காலியாக விட்டோம்.

அந்த வருஷம்தான் தலைநகர் சுவாவில் ராணுவம் பார்லிமெண்ட்டுக்குள் புகுந்தது. எங்கள் தீவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒருநாள் சாலைத் தடுப்பில் என் பையைத் திறந்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது எதற்கு என்று துப்பாக்கிக்காரன் கேட்டான். அவன் கேட்டது மரியாதையாகத்தான். ஆனாலும் என் மகள் மடியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "போயிடலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அப்போது ஊரில் எல்லோரும் பேசியது அந்த ஒன்றைத்தான்.

நாங்கள் விண்ணப்பித்த நாட்டின் பெயரைக் கோபமில்லாமல் சொல்ல எனக்கு இன்றும் வராது. சொல்லாமலே விடுகிறேன். அவர்களுக்கு நர்ஸ்கள் தேவைப்பட்டார்கள். என்னை நம்பியிருப்பவன் என்று தம்பியின் பெயரையும் சேர்த்தேன். நான்கு பேருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. மூன்று பேர் வரலாம், அவன் கூடாது என்று கடிதம் வந்தது. ஊசி போடும் கை வேண்டும், ஊசி போட்டுக்கொள்ளும் உடம்பு வேண்டாம். கடிதத்தைப் படித்துவிட்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உன் விதிதான் அக்கா. நீ சொன்னப்போ நான் எவ்வளவு சண்ட போட்டேன்."

நான் போகமாட்டேன் என்று கத்தினேன். நான்கு நாள் சமைக்கவில்லை. கணவர்தான் மகளைக் கவனித்துக்கொண்டார். கடைசியில் தம்பிதான் என் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தான். புலிலேகாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையம் இருந்தது. அங்கே பிஜியின் பூர்வகுடி நர்ஸ் ஒருத்தி, என்னோடு படித்தவள். "நான் போடுகிறேன், நீ போய்வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாக்குத் தவறாதவள்.

கிளம்பும்போது தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "மாசாமாசம் ஊசி ஏறுறப்போ தோணுற விதிய எழுதிப் போடணும். விதி வந்தா ஊசி போட்டாச்சுன்னு எடுத்துப்பேன். ஒண்ணு தவறினாலும் எல்லாத்தையும் போட்டுட்டுத் திரும்பி வந்துடுவேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதேதான். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

கடிதங்கள் ஒழுங்காக வந்தன. எங்கள் பேச்சை ஆங்கில எழுத்தில் எழுதுவான். ஊர்ச் செய்தி, மழை, கடை, அடியில் ஒரு வரி விதி. அந்த வரியைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வரும். ஒன்பதாம் மாதக் கடிதத்தில் விதி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நாங்கள் காலியாக விட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடித்திருந்தான். எல்லோரும் உள்ளே போனபின் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவன் வெளியே இருப்பான். வீடியோ கடைக்காரன். தினமும் தூசி தட்டுவான், மழை பெய்தால் தார்ப்பாய் போடுவான். உள்ளே இருப்பவர்கள் அவனைக் கூப்பிட்டு, புலிலேகாவில் இன்றைக்கு வெயிலா என்று கேட்பார்கள். அவன் எப்போதும் நல்ல வெயில் என்றே சொல்வான்.

எழுத வந்துவிட்டது இவனுக்கு என்று எனக்கு ஒரே பெருமை. கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதன்பிறகு எல்லா விதிகளும் நீளமாகவே வந்தன, ஒன்றைவிட ஒன்று வேடிக்கையாக.

பதினேழாம் மாதம் புலிலேகாவிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள். தம்பி கடையில் மூச்சுத் திணறி விழுந்தானாம். லம்பாசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், இரண்டு நாள் இருந்து இறந்துபோனானாம்.

"ஊசி?" என்றேன்.

"ஊசி ஏது கண்ணு? அந்த நர்ஸம்மாவும்தான் வெளிநாடு போயிட்டாங்களே, எட்டு மாசமாச்சு. அந்த எடத்துக்கு வேற ஆளு போடல. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா நாள் பூரா நிக்கணும், அதுக்கப்புறமும் நாளைக்கு வாங்கறாங்க. ரெண்டு தடவ போயிட்டு விட்டுட்டான். ஒனக்கு எழுதினதாச் சொன்னானே?"

எழுதினான். மாதம் தவறாமல் எழுதினான்.

கடிதங்களை எடுத்து வரிசையாகத் தரையில் பரப்பினேன். முதல் எட்டில் ஒவ்வொரு வரி. ஒன்பதாவதிலிருந்து பக்கம் பக்கமாக, கையெழுத்துக்கூட நடுங்காமல். ஊசி ஏறும்போது அவனால் ஒரு வரிக்கு மேல் முடியாது என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள்தான் அவற்றைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.