நடுங்காத கை

நடுங்காத கைகளைப் பார்த்தால் எனக்குப் பயம் வருகிறது. டீக்கடையில் கிளாஸை நீட்டுகிற கை, பஸ்ஸில் சில்லறை தருகிற கண்டக்டரின் கை, எதுவானாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது. மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என் வேலை. மாத்திரை போடுகிறார்களா, தூங்குகிறார்களா, வீட்டில் யாராவது அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று கேட்டு எழுதுவேன். தூத்துக்குடியில் பதினோரு வருடமாக இதையே செய்கிறேன். கெட்டிக்காரி என்று பெயர் வேறு வாங்கியிருக்கிறேன்.

நான் பார்க்கப் போனவர்களில் ஒருவர் சங்கு குளிப்பவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். காதில் குரல்கள் கேட்டு, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். துறைமுகத்துக்கு வடக்கே இருந்த அவர் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, மாதா படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்திருந்த இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டே இருந்தன. அது நோய் இல்லை, மாத்திரையின் வேலை. பேச்சும் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது.

"தண்ணிக்குள்ள அதுக பேசாது மேடம்," என்றார். "மேல வந்தாத்தான் பேசும். என்னைய மறுபடி குளிக்க விடச் சொல்லுங்க."

இந்த மாத்திரை போடுகிற வரை கடலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் அலைந்து திரிந்து, சங்கு சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் சங்கு கழுவுகிற வேலை வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் போனார். மற்றவர்கள் எடுத்து வந்த சங்குகளை வாளித் தண்ணீரில் போட்டுத் தேய்த்தார். அதை எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

தொல்லை மாத்திரையில் இருந்தது. மனைவி கொடுத்தால் நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் துப்பிவிடுவார். அவள் அழுதால் கோபம் வரும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

இந்தக் கடற்கரையில், முத்துக் குளித்த காலத்திலிருந்தே, குளிப்பவருடைய கயிற்றை மேலே படகில் பிடித்துக்கொள்வது அவருடைய மச்சான், மனைவியின் உடன்பிறந்தவன். சொந்தத் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண் அசர மாட்டான் என்று நம்பிக்கை. இப்போது மூச்சுக்குக் குழாய் வந்துவிட்டது, ஆனாலும் இடுப்பில் கட்டிய கயிறு பல படகுகளில் இன்னும் மச்சான் கையில்தான். இவருக்கும் பதினாறு வருடமாகக் கயிறு பிடித்தவர் மனைவியின் அண்ணன். கடலுக்கடியில் உயிரையே நம்பிக் கொடுத்தவரிடமிருந்து ஒரு மாத்திரையை வாங்கிப் போட மாட்டாரா?

போட்டார். அண்ணன் காலையும் மாலையும் வந்து கொடுப்பார், இவர் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவார். மருந்துக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினேன். அலுவலகக் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினேன்.

ஆறாவது மாதம் போனபோது அவரே எனக்குக் காப்பி கொண்டுவந்து தந்தார். டம்ளர் விளிம்பு வரை காப்பி, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முகம் தெளிவாக இருந்தது. சிரித்தார். கடலில் இறங்கி வந்தவர்களுக்குப்போல் தோளில் உப்புப் பூத்திருந்ததையும் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். அத்தனை நாளும் நடுங்கிய கை ஏன் இன்று நடுங்கவில்லை என்று, இந்த வேலையில் நேற்றுச் சேர்ந்தவள்கூடக் கேட்டிருப்பாள். எனக்கும் தோன்றியது. வாய்வரை வந்த கேள்வியைக் காப்பியோடு விழுங்கினேன். நான் போகிற நாற்பது வீடுகளில் ஒரு வீடாவது விளங்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாள் கழித்து, சங்கு குளிக்க இறங்கிய இடத்தில் அவர் இறந்துபோனார். நடுக்கடலில் அண்ணன் கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்தார், கீழேயிருந்து பதில் இழுப்பு வந்தது. அடுத்த தரம் இழுத்தபோது கயிறு கனமில்லாமல் வந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. மறுநாள்தான் உடல் கிடைத்தது. தண்ணீருக்குள்ளும் அந்தக் குரல்கள் பேசத் தொடங்கிவிட்டனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் நான் குளிக்கும்போது, முகம் கழுவும்போது அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் அண்ணன் சொன்னார். "மறுபடி குளிக்கணும்னு அவன் கெஞ்சுனான். ரெண்டு மாசமா மாத்திரைய நான்தான் கடல்ல போட்டேன். தூங்கி வழியுதவனுக்கு நான் எப்படிக் கயிறு பிடிக்க? முழிச்சிருந்தாப் பொழச்சுக்கிடுவான்னு நெனச்சேன்."

தங்கை அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "இனிம என் வாசல மிதிக்காதண்ணே."

அதன் பிறகும் நான் மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போனேன். பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் இறந்தவர் பெயரை அடித்துவிட்டார்கள், கால்தான் நிற்கவில்லை. துக்கத்தில் இருப்பவளுக்குத் துணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் தெரு முனையில் நின்று அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கடலுக்குப் போவதை விட்டுவிட்டார், பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கண்டால், "தங்கச்சி சாப்பிடுதாளா மேடம்?" என்று மட்டும் கேட்பார். அந்தத் தப்பில் பாதி என்னுடையது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாவு நடந்த எட்டாவது மாதம் தெரு முனையில் அண்ணன் இல்லை. வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கொச்சிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். கை நடுங்காததைப் பார்த்ததையும், தோளில் உப்பைப் பார்த்ததையும், கேட்காமல் விட்டதையும், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே தடுத்திருக்கலாம் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.



"எங்க அண்ணன் மட்டுந்தான் கொன்னான்னு நெனச்சு எட்டு மாசமா அவன் மொகத்துல முழிக்கல," என்றாள். "நீங்க மாசாமாசம் வந்து என் கையால காப்பி வாங்கிக் குடிச்சிய."

ஆமாம், குடித்தேன்.