பத்தொன்பதாம் கட்டம்

பஞ்சுவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஆதார் கார்டில் பஞ்சாபகேசன். மும்பை முலுண்டில் மாதம் ஒருமுறை கூடும் தபால்தலைக்காரர்கள் மத்தியில் ‘டூப்ளிகேட் பஞ்சு’. இந்த இரண்டாவது பெயரை முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

காரணம் இதுதான். பழைய தபால்தலைகளில் அசல் என்று ஒன்று உண்டு. தபால்தலை செல்லாமல் போன பிறகு, சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காக அதே அச்சுக்கல்லை எடுத்து மை தடவி மறுபடி அடித்த மறுபதிப்பு என்றும் ஒன்று உண்டு. எல்லோரும் அசலுக்குப் பின்னால் அலைவார்கள். பஞ்சு சேர்ப்பதெல்லாம் மறுபதிப்பு. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா சம்பளத்துக்கு அதுதான் கட்டுப்படியாயிற்று. பிற்பாடு அதுவே பித்தாகிவிட்டது.

“அசல் எத்தனை இருக்கு, யார்ட்ட இருக்குன்னு புஸ்தகமே போட்டிருக்கா. மறுபதிப்பை யாராவது எண்ணிப் பார்த்தாளோ?” என்று மனைவி அகிலாண்டத்திடம் கேட்பார்.

“எண்ணாததுக்கும் ஒரு காரணம் இருக்குமோன்னோ” என்பாள் அவள்.

அதிலும் அவருடைய பித்து ஒரே ஒரு சமஸ்தானத்தின் ஒரே ஒரு தலைமேல்தான். சிவப்பு நிறம். நடுவில் மனித முகம் வைத்த சூரியன், சுற்றிலும் இலைக்கொடி. ஒரு தாளில் இருபத்துநாலு தலைகள், வரிசைக்கு ஆறு. ஒருவன் உட்கார்ந்து இருபத்துநாலையும் கல்லில் கையாலேயே வெட்டியிருந்ததால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஏழாவது சூரியனுக்கு மூக்கு கோணல். பன்னிரண்டாவதற்கு ஒரு கதிர் அதிகம். பஞ்சு ஒரு தடித்த அட்டையில் இருபத்துநாலு கட்டம் கிழித்து, கிடைத்ததை அதனதன் இடத்தில் ஒட்டி, அடியில் தந்தவர் பெயரை எழுதி வந்தார். இருபத்துமூன்று நிரம்பிவிட்டது. கீழ் வரிசை இடது மூலையில் இருந்த பத்தொன்பதாம் கட்டம் மட்டும் பதினோரு வருஷமாகக் காலி. அசல்காரர்களிலும் அதைப் பார்த்தவர் இல்லை. அந்த மனுஷன் அங்கே என்னதான் வெட்டியிருப்பான்? இது தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்பதுதான் அறுபத்தெட்டு வயது பஞ்சுவின் ஒரே பயம்.

தாராவியில் ஸ்வீட் பெட்டிகளுக்கு அச்சடிக்கும் பட்டறை நடத்தும் சண்முகவடிவு ஒருநாள் போன் செய்தாள். அவள் புருஷன் இறந்தபோது இழுத்தடித்த இன்ஷூரன்ஸ் பைலை மேஜை மேஜையாகத் தூக்கிக்கொண்டு போய் முடித்துக் கொடுத்தவர் பஞ்சு. அன்றிலிருந்து பட்டறைக்கு வரும் பழைய பேப்பர் கட்டுகளில் தபால்தலை எது கண்ணில் பட்டாலும் சாருக்கென்று எடுத்து வைப்பாள். பெரும்பாலும் குப்பை. அன்று கொடுத்த பழைய கடுதாசியில் ஒரு சிவப்புத் தலை இருந்தது. கிழிசலை மூட யாரோ ஒட்டிய காக்கித் தாள் அதன் வலது பாதியை மறைத்திருந்தது. இடது பாதியைப் பஞ்சு லென்ஸ் வைத்துப் பார்த்தார். இருபத்துமூன்றில் எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் தொண்ணூறடி ரோட்டைத் தாண்டி மாட்டுங்கா வரைக்கும் நடந்தே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செய்தது, எப்போதும் செய்வதுதான். தலையைச் சுற்றி வெட்டி எடுத்து, சாஸரில் தண்ணீர் விட்டு அதில் போட்டார். மறுபதிப்பு எண்ணெய் மையில் அச்சானது. நாள் முழுக்க ஊறினாலும் ஒன்றும் ஆகாது. ஒட்டியதெல்லாம் தானாகக் கழன்று வரும். அசல் அப்படியல்ல, நீர்ச்சாயம். அசல்காரர்கள் தலை இருக்கும் மேஜையில் தண்ணீர் டம்ளரைக்கூட வைக்க மாட்டார்கள். செல்லாத மறுபதிப்பைக் கடுதாசியில் யார் ஒட்டுவார்கள் என்று யோசித்திருக்கலாம், முதலில் ஒரு ஓரத்தை மட்டும் நனைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால், இது அசலாக இருக்குமோ என்று பஞ்சுவுக்குத் தோன்றவே இல்லை. வாழ்நாளில் ஒரு அசலாவது அவர் கைக்கு வந்திருந்தால்தானே!

காக்கித் தாள் கழன்றது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஆசையாகக் குனிந்தார்.

“ஏன்னா, குங்குமத்தைக் கொட்டிட்டேளா?” என்றாள் பின்னால் வந்த அகிலாண்டம்.

சாஸர் முழுக்கச் சிவப்பு. நடுவில் வெள்ளைத் தாள் ஒன்று மிதந்தது.

பஞ்சு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. பத்தொன்பதுக்கு மறுபதிப்பு என்று ஒன்று இருந்திருக்கவே முடியாது. மறுபடி அடிப்பதற்குள் கல்லின் அந்த மூலை உடைந்திருக்க வேண்டும். இல்லாத ஒன்றைப் பதினோரு வருஷம் தேடியிருக்கிறார். இருந்த ஒன்றைத் தன் கையாலேயே கழுவி ஊற்றியிருக்கிறார். அழுகை வந்தது, அழுதார்.

“அந்தப் பட்டறைக்காரிக்குத் தெரியவா போறது?” என்றாள் அகிலாண்டம் மெதுவாக.

“எனக்குத் தெரியுமே” என்றார் பஞ்சு.

மறுநாள் காலை வெள்ளைத் தாளையும் காக்கித் தாளையும் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

“வாங்க சார். என்ன, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?”

“வடிவம்மா, நீங்க குடுத்தது அசல். பெரிய விலைக்குப் போயிருக்கும். நான் அவசரப்பட்டுத் தண்ணியில போட்டு அழிச்சுட்டேன்.”

சண்முகவடிவு கை வேலையை நிறுத்தினாள்.

“எம் மவ கல்யாணத்துக்கு ஆயிருக்குமா சார்?”

“ஆயிருக்கும்.”

அவள் முகம் சுண்டிப் போனதைப் பஞ்சு பார்த்தார். அவருக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

“நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்கு என்ன தெரியப்போவுது” என்றாள் கடைசியில். “வந்து சொல்லுதிய. சரி, விடுங்க. அந்த டப்பாவுல என்ன?”

திறந்து காட்டினார். வெள்ளைத் தாளை அவள் தொடவில்லை. காக்கித் தாளை எடுத்து, ஒட்டியிருந்த பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். பஞ்சு அதுவரை அதை அழுக்குக் கறை என்றே நினைத்திருந்தார். ஆனால் சண்முகவடிவு நாளெல்லாம் இடம் வலம் மாறிய அச்சுக் கட்டைகளோடு புழங்குகிறவள். அவள் கண்ணுக்கு எதையும் நேராகத் திருப்பிக் காட்ட வேண்டியதில்லை.

“சாயம் இதுல ஏறியிருக்கு சார். பாதி மூஞ்சி. எல, கதிரு…” என்றவள் பக்கென்று சிரித்துவிட்டாள். “யே அய்யா, இவன் கண்ணடிக்கான்!”

மொபைலில் படம் எடுத்து, இடம் வலம் திருப்பி நீட்டினாள். பஞ்சு கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மற்ற இருபத்துமூன்று சூரியன்களும் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தன. முந்தின நாள் லென்ஸில் பார்த்த இடது பாதியிலும் கண் திறந்துதான் இருந்தது. இங்கே வலது கண் ஒரு கோடாக மூடியிருந்தது. வெட்டினவனுக்குக் கை ஓய்ந்துவிட்டதோ, இல்லை ராஜாவுக்குத் தெரியாமல் குறும்பு செய்தானோ! பஞ்சு பட்டறை நடுவில் நின்று குழந்தை மாதிரி சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

காக்கித் தாளை அவளிடமே நீட்டினார். “நான் வச்சு என்ன செய்ய? கொண்டு போங்க” என்று அவர் கையை மூடிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அதைப் பத்தொன்பதாம் கட்டத்தில் ஒட்டி, அடியில் எழுதினார்: ‘அசல். தந்தவர் சண்முகவடிவு. கழுவியவன் பஞ்சு.’